மருந்தடிக்கும் உடைக்கு நீடித்து நிற்கும் நீர்விலக்குப் பூச்சு: துணி வாங்குவதிலிருந்து துவைப்பது வரை

புதிதாகப் பூச்சு கொடுத்த துணியில் தண்ணீர் சேம்பு இலையில் உருள்வது போல உருளும். அது முதல் நாள். பத்தாவது துவைப்புக்குப் பிறகும் அப்படி உருள்கிறதா என்பதுதான் எங்களுக்கு முக்கியம். மன்னார்குடி பக்கம் ஒரு சிறு தையல் கூடத்தோடு சேர்ந்து, நெல் வயலில் மருந்தடிப்பவர்களுக்கு முழுக்கைக் கோட்டும் பேண்டும் செய்து தருகிறோம். வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எந்தக் கெமிக்கல்?" என்றுதான். பூச்சு கெட்டுப்போவதோ பெரும்பாலும் அதற்கு முந்தைய துவைப்பிலும், அதற்குப் பிந்தைய சூட்டிலும். அதனால் இங்கே அந்த இரண்டுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. இந்தப் பூச்சு எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

ரெயின்கோட்டில் இருப்பது பிளாஸ்டிக் படலம். துணியின் கண்களை முழுக்க அடைத்துவிடும். நாம் செய்யப்போவது வேறு. ஒவ்வொரு இழையின் மேலும் மெல்லிய உறை படியும், கண்கள் திறந்தே இருக்கும். காற்று போகும், வியர்வை ஆவியாகும். வெயிலில் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு டேங்கைத் தூக்கியவர் அரைமணி நேரத்தில் அதைக் கழற்றி வரப்பில் போட்டுவிடுவார். கழற்றிப் போட்ட உடை யாரையும் காப்பாற்றாது. அதனால்தான் இந்த வழி.

நாசிலிலிருந்து வரும் சாரல், காற்றில் திரும்பி வரும் தூறல், டேங்க் மூடியிலிருந்து முதுகில் ஒழுகும் சில சொட்டுகள் ஆகியவற்றை இது தடுக்கும். முழங்கால் வரை தண்ணீரில் நிற்பதையோ, நனைந்த துணி மேல் டேங்க் அழுத்துவதையோ இது தாங்காது. அழுத்தம் வந்தால் திறந்திருக்கும் கண்கள் வழியே தண்ணீர் இறங்கிவிடும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். லேபிளில் சிவப்பு அல்லது மஞ்சள் முக்கோணம் உள்ள மருந்துகளுக்கு இந்த உடையை நம்பாதீர்கள். அதற்கு ஐஎஸ்ஓ 27065 தரத்தில் சோதித்துச் சான்று பெற்ற உடை வேண்டும். கையுறை, முகக்கவசம், கண்ணாடி இவற்றுக்கும் இந்த உடை மாற்று இல்லை.

2. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

கிராம் காட்டும் தராசு, அளவுக் குவளை, அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் காகிதம், ரப்பர் உருளை இரண்டு வைத்த கைப்பிழிவான், இரண்டு அன்னக்கூடை, டீஷர்ட் பிரிண்ட் போடும் கடைகளில் இருக்கும் ஹீட் பிரஸ், வெப்பத்தைக் காட்டும் ஒட்டு நாடா, டிங்சர் அயோடின் ஒரு குப்பி. ஹீட் பிரஸ் வாங்க வசதி இல்லையென்றால் பக்கத்து ஊர் பிரிண்ட் கடையில் மணிக்கணக்கில் பேசி எடுத்துக்கொள்ளலாம். தராசு இல்லாமல் மட்டும் தொடங்க வேண்டாம். கண்ணளவில் செய்த எதையும் அடுத்த முறை அதேபோல் செய்ய முடியாது.

காலமும் ஒரு பொருள்தான். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறப்பது வழக்கம். குறுவைக்கு மருந்தடிக்கத் தொடங்கும் முன் உடை கைக்கு வர வேண்டும் என்றால் பூச்சு வேலையை மே மாதத்திலேயே முடித்துவிடுங்கள். ஐப்பசி அடைமழையில் உட்கார்ந்தால் துணி காயவே காயாது.

3. துணியைத் தேர்வது

பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த, நெருக்கமாக நெய்த ட்விலோ ட்ரில்லோ எடுங்கள். ஒரு சதுர மீட்டர் 200 கிராம் அளவில் இருந்தால் போதும். அதைவிடக் கனமாக எடுத்தால் புழுக்கம் தாங்காது.

துணியை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை போல வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் வேண்டாம். பூச்சு இழையைத்தான் மூடும், ஓட்டையை மூடாது. விலை குறைவு என்று தளர்ந்த நெசவை வாங்கி, கெமிக்கலை இரட்டிப்பாகப் போட்டுச் சரிக்கட்டலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது நடக்காது. துணி விறைப்பாகும், அவ்வளவுதான்.

4. கஞ்சியை எடுப்பது: பாதி வேலை இங்கேதான்

புதுத்துணியில் தறியில் போட்ட கஞ்சி இருக்கும். மெழுகும் எண்ணெயும் இருக்கும். கடைக்கு வருமுன் மினுமினுப்புக்காகப் போட்ட சாஃப்ட்னரும் இருக்கலாம். பூச்சு இழையைப் பிடித்து நிற்க வேண்டும். இவை இருந்தால் அது கஞ்சியைப் பிடித்து நிற்கும். கஞ்சி துவைப்பில் போகும்போது பூச்சும் கூடவே போய்விடும்.

நாங்கள் செய்த முதல் ஆறு கோட்டுகளும் இப்படித்தான் போயின. துணி பார்க்கப் பளிச்சென்று இருந்ததால் ஒருமுறை அலசியதே போதும் என்று நினைத்தேன். ஒரத்தநாடு பக்கம் ஒரு பெரியவரிடம் ஒன்றைக் கொடுத்தோம். மூன்று துவைப்புக்குப் பிறகு திருப்பிக் கொண்டுவந்தார். "தம்பி, தோள்பட்டைல பாருங்க, தண்ணிய உறிஞ்சுது" என்று ஒரு கை நீரை அள்ளி ஊற்றிக் காட்டினார். ஊற்றிய இடத்தில் துணி உடனே கறுத்தது. அந்தத் தோளில்தான் டேங்க்கின் வார் உட்காரும். அன்றைக்குப் பிறகு இந்தப் படியை யாருக்காகவும் நான் குறைத்ததில்லை.

முதலில் அயோடின் சோதனை. துணியின் ஓரத்தில் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் மாவுக்கஞ்சி இருக்கிறது. கொதிநீரில் சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்புத்தூளும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். கஞ்சி கெட்டியாக இருந்தால், ஜவுளிக் கெமிக்கல் கடையில் கஞ்சி நீக்கும் என்சைம் கிடைக்கும். அதில் ஊறவைத்துவிட்டுப் பிறகு கொதிக்க வையுங்கள். அப்புறம் மறுபடி அயோடின். நீலம் வருவது நிற்கும் வரைக்கும் அடுத்த படி இல்லை.

அடுத்தது அலசல். இங்கேதான் பலரும் அவசரப்படுவார்கள். சோப்பின் வேலையே தண்ணீரைத் துணிக்குள் இழுத்துவிடுவது. அது துணியில் தங்கினால் பூச்சுக்கு நேர் எதிரி. நான்கைந்து தண்ணீராவது மாற்றி அலசுங்கள். பிறகு ஒரு துண்டுத் துணியைச் சுத்தமான தண்ணீரோடு ஒரு பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள். நுரை கட்டினால் மறுபடி அலச வேண்டும்.

கடைசி அலசலில் ஒரு வாளிக்கு இரண்டு மூன்று மூடி வினிகர் விடுங்கள். சோடாவின் காரம் துணியில் மிஞ்சினால் அடுத்து வரும் கரைசல் திரிந்துபோகும். நனைந்த துணியில் பிஎச் காகிதத்தை அழுத்திப் பாருங்கள். ஏழுக்குச் சற்றுக் கீழே இருந்தால் சரி. வாசனைக்காகச் சாஃப்ட்னர் போடவே கூடாது.

முடிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. காய்ந்த துணி மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஓரிரு நொடியில் மறைந்துவிட வேண்டும். நன்றாகக் குடிக்கிற துணியில்தான் பூச்சும் நன்றாக இறங்கும்.

துணி சுருங்க வேண்டியதும் இந்தக் கொதிப்பிலேயே சுருங்கிவிடும். அதனால் இதற்குப் பிறகுதான் அளந்து வெட்ட வேண்டும். வெட்டும்போது ஓரம் பிரியும் என்பதால் சுற்றிலும் அரை அங்குலம் கூடுதலாக விடுங்கள்.

5. எந்தக் கெமிக்கல்

ஒரு திரவம் ஒரு பரப்பில் பரவுமா, முத்தாக நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது பரப்பு இழுவிசை. தண்ணீருக்கு அது மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். எண்ணெய் வகைகளுக்கு 30க்குப் பக்கம். துணியின் பரப்பு ஆற்றல் அந்தத் திரவத்தின் அளவைவிட நன்றாகக் குறைந்தால்தான் சொட்டு முத்தாக நிற்கும்.

மெழுகு, அக்ரிலிக் போன்ற ஹைட்ரோகார்பன் வகைகளும் சிலிகோன் வகைகளும் துணியின் அளவை 20 முதல் 30 வரை இறக்கும். தண்ணீரை விரட்ட அது தாராளம். எண்ணெய்க்குப் போதாது. ஃபுளூரோகார்பன் இன்னும் கீழே கொண்டுபோகும், எண்ணெயையும் விரட்டும்.

அப்படியென்றால் ஃபுளூரோகார்பனையே போடலாமே என்பார்கள். அது இயற்கையில் முற்றிலும் சிதையாத குடும்பம். பழைய எட்டுக் கார்பன் வகையோடு சேர்ந்து வந்த பிஎஃப்ஓஏ என்ற கெமிக்கல், எளிதில் சிதையாத நச்சுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் 2019இல் சேர்ந்தது. இப்போது விற்பது ஆறு கார்பன் வகை. அதன் கழிவும் சிதையாது. நம் ஊரில் துவைத்த தண்ணீர் வாய்க்காலுக்குப் போகிறது, வாய்க்கால் வயலுக்குப் போகிறது. அதனால் ஃபுளூரின் இல்லாத வகையைத்தான் நான் எடுக்கிறேன்.

அதில் ஓர் இழப்பு உண்டு, மறைக்கக் கூடாது. தண்ணீரில் ஊற்றியதும் பால் போல வெளுக்கும், லேபிளில் ஈசி (EC) என்று போட்ட வகை மருந்துகள் எண்ணெய்க் கரைப்பானில் செய்தவை. கலக்காத மருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் இந்தத் துணிக்குள் இறங்கும். கலந்த பிறகும் ஒட்டும் திரவமோ சோப்போ சேர்த்திருந்தால் இழுவிசை குறைந்துவிடும். அதனால் மருந்து கலக்கும் நேரத்தில் மேலே பிவிசி ஏப்ரன் கட்டச் சொல்கிறோம். கலந்து முடிந்ததும் அதைக் கழற்றிவிட்டு அடிக்கப் போகலாம். பத்து நிமிடம்தான் என்பதால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

கெமிக்கலோடு குறுக்குப் பிணைப்பி ஒன்றும் வாங்குங்கள். அது பூச்சின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்றும் இழையோடும் கட்டிப்போடும். பருத்தி நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். அந்த அசைவில் பூச்சு உரியாமல் இருக்க இந்தக் கட்டு வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில், தகவல் தாளோடு வாங்குங்கள்.

ஸ்ப்ரே டப்பாவில் வருவதை வாங்காதீர்கள். மூடிய அறையில் நீர்விலக்கி ஸ்ப்ரேயைச் சுவாசித்து நுரையீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. பூச்சும் சீராக விழாது.

6. கரைசல் கலப்பது

ஒரு கோட்டு, பேண்டுக்கு ஒன்றரை மீட்டர் அகலத்தில் மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 4.5 சதுர மீட்டர், 200 கிராம் துணி என்றால் எடை 900 கிராம். பிழிந்தபின் துணி தன் எடையில் 70 சதவீதம் கரைசலைப் பிடித்துக்கொண்டால் 630 மில்லி. முக்கும் பாத்திரத்தில் எப்போதும் ஒரு லிட்டராவது மிஞ்சும். ஆக ஒரு உடைக்கு 1.6 லிட்டர் கலக்க வேண்டும். ஐந்து உடைக்கு 3.15 லிட்டரும் அந்த ஒரு லிட்டரும் சேர்த்து 4.2 லிட்டர் போதும். சேர்த்துச் செய்தால் வீணாவது குறைகிறது.

லிட்டருக்கு எத்தனை கிராம் என்பது தகவல் தாளில் இருக்கும். 80 கிராம் என்றால் 4.2 லிட்டருக்கு 336 கிராம்.

தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பு. உள்ளே வந்தாலும் பல ஊர்களில் கடினத் தண்ணீர். இந்தக் கெமிக்கல்கள் பால் போன்ற குழம்பு வடிவில் வரும். உப்பு பட்டால் அது திரிந்து, துணியில் திட்டுத்திட்டாகப் படியும். கேன் தண்ணீரோ, பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ எடுங்கள்.

வரிசை இதுதான்: முதலில் தண்ணீர், அதில் சில சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டு பிஎச் 4 முதல் 5, பிறகு கெமிக்கல், கடைசியாகப் பிணைப்பி. அமிலத்தைக் கடைசியில் ஊற்றினால் விழுந்த இடத்தில் திரியும். மிக்ஸியில் அடிப்பது, வேகமாகக் கடைவது இரண்டும் கூடாது. மரக்கரண்டியால் மெதுவாகச் சுழற்றினால் போதும். பிணைப்பி சேர்த்த கரைசலை அன்றைக்கே முடித்துவிட வேண்டும்.

7. முக்கிப் பிழிவது

காய்ந்த துண்டை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முக்கி, உருளையில் பிழிந்து, மறுபடி முக்கி மறுபடி பிழியுங்கள். முதல் முக்கலில் இழைக்கு நடுவே இருக்கும் காற்று வெளியேறும், இரண்டாவதில் கரைசல் உள்வரை இறங்கும்.

பிழிந்ததும் எடை பாருங்கள். 200 கிராம் துண்டு 340 கிராம் காட்டினால் 70 சதவீதம். அதிகமாகக் காட்டினால் உருளைத் திருகை இறுக்குங்கள். கையால் முறுக்கிப் பிழிந்தால் முறுக்கு விழுந்த கோடெல்லாம் பூச்சு குறைந்துவிடும். காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் ஊற்றினால் அந்தக் கோடு மட்டும் நனையும்.

8. காயவைப்பது

கொடியில் தொங்கவிடாதீர்கள். கரைசல் கீழே இறங்கி, கீழ் விளிம்பில் தடித்தும் மேலே மெலிந்தும் போகும். கயிற்றுக் கட்டிலில் கொசுவலையைக் கட்டி, அதன்மேல் நிழலில் விரித்துப் போடுங்கள். அரைமணிக்கு ஒருமுறை திருப்புங்கள்.

தொட்டால் காய்ந்தது போல இருப்பது போதாது. மடிப்பில் குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரத்தோடு சூட்டுக்குப் போனால், வெப்பமெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும்.

9. சூடு: மீதிப் பாதி வேலை

"நல்ல சித்திரை வெயில்ல போட்டா ஆகாதா?" என்று கேட்காதவர்கள் இல்லை. ஆகாது. வெயிலில் மொட்டை மாடித் தளம் கால் வைக்க முடியாதபடி சுடலாம், அப்போதும் அது நமக்கு வேண்டிய சூட்டின் கிட்டேயே வராது. பிணைப்பி வேலை செய்ய 150 முதல் 170 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில்தான் மூலக்கூறுகள் உருகிப் பரவி, வெளிப்பக்கம் பார்த்து வரிசையாக நின்று, கட்டுப்போட்டுக்கொள்ளும். சூடு காட்டாத துணியிலும் தண்ணீர் உருளும் என்பதுதான் ஏமாற்றமே. பார்க்க வித்தியாசம் தெரியாது, துவைத்தால்தான் தெரியும்.

எங்கள் ஹீட் பிரஸ் 38 சென்டிமீட்டர் சதுரம். 160 டிகிரியில் இரண்டு நிமிடம் வைக்கிறோம். உங்கள் கெமிக்கலின் தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். மேலும் கீழும் டெஃப்லான் தாள் வைத்து, ஒவ்வொரு அழுத்தலும் முந்தையதன் மேல் ஓர் அங்குலம் ஏறும்படி நகர்த்துங்கள். இடையில் விட்ட அரை அங்குலம்தான் பிறகு ஒழுகும். ஒரு உடைக்கு நாற்பது அழுத்தல் வரும், ஒன்றரை மணி நேரம் ஆகும்.

மெஷின் திரையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். பழைய பிரஸ்ஸில் நடுவில் 160 இருக்கும்போது மூலையில் 140தான் இருந்ததை வெப்ப நாடா ஒட்டித்தான் கண்டுபிடித்தோம். நாடாவைத் துணிக்கு அடியில், நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். மூலை குறைந்தால் நேரத்தைக் கூட்டுங்கள், சூட்டைக் கூட்டாதீர்கள். சூட்டைக் கூட்டினால் நடுவில் பருத்தி பழுத்துவிடும்.

இஸ்திரிப்பெட்டியால் செய்யலாமா? கைக்குட்டை அளவு சோதனைத் துண்டுக்குச் செய்யலாம். முழு உடைக்கு எந்த இடத்தில் எத்தனை நொடி வைத்தோம் என்று கணக்கு வைக்க முடியாது.

சன்னல்களைத் திறந்து வைத்து, மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பி வைத்துச் செய்யுங்கள். பிணைப்பியிலிருந்து வரும் ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையில் நிற்கவே வேண்டாம்.

10. சோதனை

ஒருநாள் ஆறவிட்டுப் பிறகு சோதியுங்கள். ஏஏடிசிசி 22, ஐஎஸ்ஓ 4920 என்ற தர எண்களில் வரும் தெளிப்புச் சோதனையை வீட்டிலேயே ஓரளவு செய்துவிடலாம். துணியை எம்பிராய்டரி வளையத்தில் இறுக்கி, 45 டிகிரி சாய்வில் வைத்து, 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பூவாளி மூக்கு மாட்டிய புனலில் 250 மில்லி தண்ணீரை ஊற்ற வேண்டும். அரை நிமிடத்துக்குள் வடிய வேண்டும். வளையத்தை ஒருமுறை தட்டிவிட்டுப் பாருங்கள். ஒன்றுமே ஒட்டாமல் இருந்தால் மதிப்பெண் 100. அங்கங்கே சில சொட்டு ஒட்டினால் 90. சொட்டு விழுந்த இடங்கள் நனைந்திருந்தால் 80. அதற்குக் கீழே உள்ளதை நாங்கள் தருவதில்லை.

தண்ணீர் சோதனையோடு நிறுத்துவது பெரிய தவறு, ஏனென்றால் மருந்துக் கரைசல் வெறும் தண்ணீர் இல்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரோடு கலந்து சொட்டு விடுங்கள். 95க்கு 5, 90க்கு 10, 80க்கு 20 என்று ஆல்கஹாலைக் கூட்டக் கூட்ட இழுவிசை 50, 42, 33 என்று இறங்கும். பத்து நொடி சொட்டு முத்தாக நின்றால் அந்தப் படி தேறியது. எங்கள் துணி 90க்கு 10ஐ நன்றாகத் தாங்குகிறது, 80க்கு 20இல் தடுமாறுகிறது. இதை வாங்குகிறவரிடம் செய்தே காட்டுகிறோம். எதுவரை நம்பலாம் என்று வாயால் சொல்வதைவிட அந்தச் சொட்டு இறங்குவதைப் பார்த்தால் அவருக்குப் புரிந்துவிடும். உண்மையான மருந்தைச் சோதனைக்கு எடுக்கவே கூடாது.

ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு துண்டைப் பத்துமுறை துவைத்து மறுபடி சோதியுங்கள். அதில் தேறாத தொகுதி வயலுக்குப் போகக் கூடாது.

11. தைப்பது

பருத்தி நூல் வேண்டாம். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல அது ஈரத்தை உள்ளே இழுக்கும். பாலியெஸ்டர் நூல், மெல்லிய ஊசி, ஒன்றன்மேல் ஒன்று மடித்த இரட்டைத் தையல். மார்பிலும் தொடையிலும் பை வைக்காதீர்கள், சாரல் அங்கே தேங்கும். முன்பட்டிக்கு மேல் ஒரு மடிப்பு மூட வேண்டும். தோளில் தையல் வராதபடி முதுகுத் துண்டை முன்னால் கொஞ்சம் இழுத்து வெட்டினால் வார் உரசும் இடத்தில் ஊசி ஓட்டை இருக்காது.

12. துவைப்பது

பூச்சிக்கொல்லி விதிகள் 1971இன் 39ஆம் விதி, பாதுகாப்பு உடை மருந்து ஊடுருவுவதைத் தடுக்கும் அல்லது எதிர்க்கும் பொருளாலானதாகவும், ஒவ்வொரு முறையும் நச்சைப் போக்கத் துவைக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஆக, துவைக்காமல் வைத்துப் பூச்சைக் காப்பாற்றுவது என்ற பேச்சே இல்லை. கழற்றிய அன்றே துவைக்க வேண்டும்.

கையுறை போட்டு, வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல், தனி வாளியில். குளத்திலும் வாய்க்காலிலும் வேண்டாம். துவைகல்லில் அடிக்கக் கூடாது, பிரஷ் போடக் கூடாது, பிளீச்சும் சாஃப்ட்னரும் கூடாது. சோப்பைக் குறைத்துப் போட்டு, அலசலை அதிகமாக்குங்கள். நிழலில் காய்ந்ததும் இஸ்திரி போடுங்கள். துவைப்பில் கலைந்த மூலக்கூறுகள் சூடு பட்டதும் மறுபடி வெளிப்பக்கம் திரும்பி நிற்கும். "பூச்சு போயிடுச்சு" என்று வந்த உடைகளில் பல, இஸ்திரி போட்டதும் மறுபடி தண்ணீரை உருட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

காலரின் உள்பக்கம் ஒரு துணிப்பட்டி தைத்து, ஒவ்வொரு துவைப்புக்கும் மார்க்கரில் ஒரு கோடு போடச் சொல்கிறோம். இருபது கோடு ஆனதும் கொண்டுவந்தால் சோதித்து, தேவைப்பட்டால் மறுபூச்சு தருகிறோம். கலக்காத மருந்து கொட்டி நனைந்த உடையைத் துவைக்க முயல வேண்டாம், ஒதுக்கிவிடுங்கள்.

13. மிஞ்சிய கரைசல்

அன்றைய வேலை முடியும்போது பாத்திரத்தில் இருப்பதை வெட்டி மிஞ்சிய துண்டுகளில் முக்குங்கள். கழுத்துப்பட்டி, தொப்பி ஓரம், சோதனைத் துண்டு எல்லாம் அதில் வந்துவிடும். அதற்குப் பிறகும் இருப்பதை மூடிபோட்ட கேனில் ஊற்றி, பெயரும் தேதியும் எழுதி வைத்து, சுத்திகரிப்பு நிலையம் உள்ள சாயப்பட்டறைக்குத் துணி எடுக்கப் போகும்போது பேசிக் கொடுத்துவிடுகிறோம். கெமிக்கல் வந்த கேனைக் கழுவிய தண்ணீரைக் கீழே ஊற்றுவதில்லை, அடுத்த தொகுதியின் கரைசலில் சேர்த்துவிடுகிறோம்.